நந்தனாராக நின்ற பெண்குரல்

தைப்பூசக் காலத்தில் திண்டுக்கல் வழியே பழநிக்குப் பாதயாத்திரை செல்வோரின் ஒலிபெருக்கிகளில் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் குரல் தவறாது ஒலிக்கிறது. 'திருவிளையாடல்' (1965) படத்தில் ஔவையாராக அவர் பாடியதை மதம் கடந்து நாம் அனைவரும் அறிவோம். வெண்ணிற ஆடை, திருநீறு, முதிர்ந்த கனிவு: இவையே நம் நினைவில் நிற்கும் சுந்தராம்பாள். அந்நினைவு பொய்யன்று, ஆயினும் பாதி உண்மையே.

1908-இல் காவிரிக் கரையில் ஏழ்மையில் பிறந்தவர் அவர். சிறுமியாக ரயிலில் பாடிய பாட்டே அவரை நாடக மேடைக்கு அழைத்துச் சென்றது என்பர். 1933-இல் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு வயது 25. வெள்ளுடை பூண்டு ஒதுங்கியிருந்தவர், 1935-இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே தோன்றினார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் எவரும் கேட்டிராத தொகை.

கல்கி அப்படத்தைக் கேலி செய்து எழுதினார். படத்தின் குறைகளை நாம் மறுக்கவில்லை. ஆயின், கைம்மையின் பெயரால் ஒதுக்கப்படும் பெண்ணொருத்தி, பிறப்பின் பெயரால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதருக்குத் தம் குரலை ஈந்தார். விலக்கப்பட்ட இருவரின் வேதனை ஒரே குரலில் கலந்தது. இதனைத் திறனாய்வு போதிய அளவு கண்டுகொள்ளவில்லை.

1939-இல் நியூயார்க்கில் கறுப்பினப் பாடகி பில்லி ஹாலிடே, தம் இனத்தார் மரங்களில் தூக்கிலிடப்பட்ட கொடுமையைப் பாடினார். அவரது இசைத்தட்டு நிறுவனம் அப்பாடலைப் பதிவு செய்ய மறுத்தது. சிறு நிறுவனமொன்றே துணிந்தது. அவர் பாட்டு கேட்போரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. நம் சுந்தராம்பாளின் பாட்டிலோ துயரம் பக்தியாகக் கரைந்தது. கேட்டோர் கண்ணீர் சிந்தி, மாறாத மனத்தோடு வீடு திரும்பினர்.

இது குரலின் குறையன்று, கதையின் குறை. இறைவனைக் காண நந்தனார் தீயில் மூழ்கித் தூய்மை பெறவேண்டும் என்கிறது கதை. தூய்மை தேவைப்பட்டது யாருக்கு? கதவை அடைத்தவர்களுக்கன்றோ!

இக்கேள்வியைப் பிறர் வாசலில் மட்டும் வைத்துவிட்டு நாம் நகர முடியாது. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பகுதியாய் இறைமக்களைப் பிரித்த சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. சிலுவையடியில் நின்றோரிடையே எந்தச் சுவரும் இருந்ததில்லை.

பின்னாளில் மேலவை உறுப்பினர் பதவியும், 1970-இல் பத்மஸ்ரீ விருதும் சுந்தராம்பாளைத் தேடி வந்தன. 1980-இல் அவர் மறைந்தார். பட்டங்கள் அவரை வணங்கத்தக்கவராக்கின. ஔவையார் வேடம் அவரை அனைவருக்கும் பாட்டியாக்கியது. ஆனால் திருப்பாடல்களில் புகழ்ச்சி மட்டுமா உண்டு? 'எதுவரை, ஆண்டவரே?' என்னும் முறையீடும் உண்டு. முறையீட்டை நீக்கிவிட்டுப் புகழ்ச்சியை மட்டும் ஓதுவது செபமாகாது. அவ்வாறே, நந்தனாராக நின்ற பெண்ணை மறந்து ஔவையாரை மட்டும் போற்றுவது, அக்குரலுக்கு நாம் செலுத்தும் நேர்மையான மரியாதையும் ஆகாது.