மூலம் ஒன்று, பதிப்புப் பல
லினக்ஸ் இயங்குதளப் பதிப்புகள்: ஓர் ஒப்பாய்வு

ஒரு நூலுக்கு உரை பல தோன்றுதல் தமிழுலகிற்குப் புதிதன்று. தொல்காப்பியம் ஒன்றே, இளம்பூரணர் கண்ட உரை வேறு, நச்சினார்க்கினியர் கண்ட உரை வேறு. கற்பவன் தன் தேவையறிந்து உரையைத் தேர்ந்துகொள்கிறான். கணினித் துறையிலும் இத்தகைய நிலை ஒன்று உண்டு. லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் பல பதிப்புகளாக வழங்கி வருகிறது. அவற்றுள் தமிழ் கற்பிப்போர்க்கு ஏற்றது எது என்பது இன்று ஆராயத்தக்க வினாவாகும்.

இவ்வினா இன்று எழுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11 குறிப்பிட்ட பாதுகாப்பு அமைப்பை வேண்டுகின்றமையால், பழைய கணினிகள் பலவற்றில் அது முறையாக ஏறாது. குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி போன்ற வட்டாரங்களின் தோட்டப் பள்ளியொன்றில் நன்கொடையாக வந்த பழைய கணினிகள் பத்து இருப்பின், அவற்றை மூலையில் ஒதுக்குவதா, மீண்டும் மாணவர் கைக்குக் கொடுப்பதா? லினக்ஸ் பதிப்புகளின் ஒப்பாய்வு இவ்வினாவிற்கும் விடையாகும்.

மூலமும் பதிப்பும்

அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் க்னூ என்னும் திட்டத்தை அறிவித்தார். பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் உட்கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்தே முழு இயங்குதளம் ஆயிற்று. இயக்கவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் பயனர்க்கு உரிமையுண்டு என்பது இதன் அடிப்படை. உரையாசிரியர் மூலத்தைப் போற்றி விளக்குவர். இங்கோ பதிப்பிப்போர் மூலத்தையே திருத்தவும் உரிமையுடையர். பதிப்புகள் பலவானதற்கு அவ்வுரிமையே காரணம்.

1993இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன், பல பதிப்புகளுக்குத் தாய். 2004இல் வந்த உபுண்டு அதன் வழித்தோன்றல். 2006இல் தோன்றிய லினக்ஸ் மின்ட் உபுண்டுவின் வழிவந்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் என்பதும் டெபியனைத் தழுவியதே. ரெட் ஹாட் நிறுவனத்தின் துணையோடு 2003 முதல் வரும் ஃபெடோரா வேறு கிளையைச் சார்ந்தது.

காலமும் வலிவும்

பள்ளிக்கு வேண்டுவது புதுமையன்று, நிலைபேறு. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ பதின்மூன்று திங்களே பேணப்படும். ஆண்டுதோறும் புதுப்பிக்க ஆளில்லாத பள்ளிக்கு அது பொருந்தாது. உபுண்டுவின் நெடுங்கால ஆதரவுப் பதிப்பு ஐந்தாண்டு பேணப்படுகிறது. டெபியனும் அவ்வாறே ஏறத்தாழ ஐந்தாண்டு நிற்கும்.

வலிவு குறைந்த கணினியில் வேறுபாடு இன்னும் தெளிவாகும். உபுண்டு 24.04 நான்கு ஜிகாபைட் நினைவகத்தை எதிர்நோக்குகிறது. டெபியனிலோ மின்ட்டிலோ எக்ஸ்எப்சிஇ என்னும் எளிய முகப்பை அமைத்தால் இரண்டு ஜிகாபைட்டிலும் பணி நடக்கும். எனினும் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளில் நிறுவுதலைக் கைவிட்டது. ஆகவே மிகப் பழைய கணினிக்கு எப்பதிப்பும் அருமருந்து என்று கொள்ளற்க.

எழுத்தும் விசையும்

தமிழெழுத்தைத் திரையில் காட்டுவதில் இன்று இப்பதிப்புகளுக்கிடையே பெரு வேறுபாடில்லை. தட்டெழுதும் முறையில்தான் நுட்பம் உண்டு. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில், மெல்லெழுத்தையடுத்து அதன் இனவல்லெழுத்து வந்தால் மெல்லெழுத்தின்மேல் புள்ளி தானே அமையும். ஙகரத்தையும் ககரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் ‘ங்க’ என வரும். இன எழுத்து இலக்கணம் விசைப்பலகைக்குள் புகுந்த சிறப்பு இது. ஆனால் லினக்ஸில் தமிழ்99 இருவகையாக உள்ளது. வெறும் விசையமைப்பாகத் தேர்ந்தால் புள்ளி தானே வாராது. ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியின் வழித் தேர்ந்தால் வரும். இவ்வேறுபாட்டை அறியாத ஆசிரியர், குறை தமிழ்99இல் உள்ளதென மயங்குவர்.

கலைச்சொல்லிலும் ஒருமையில்லை. ஒரே பொருளுக்கு ஓரிடத்தில் ‘அடைவு’, பிறிதோரிடத்தில் ‘கோப்புறை’ எனக் காண்கிறோம். தமிழாக்கம் முற்றுப்பெறாத இடங்களில் ஆங்கிலமும் இடையே தலைநீட்டும். தன்னார்வலர் உழைப்பைக் குறைத்துரைத்தல் தகாது. எனினும் மாணவர் படிக்கும் திரையில் ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே நிலவுதல் நன்று.

நாட்டுரிமை பெறாத தமிழ்

அனைத்தினும் பெரிய குறை ஒன்றுண்டு. அஃது இப்பதிப்புகள் யாவற்றிற்கும் பொதுவானது. மொழியையும் நாட்டையும் இணைத்து நாணயம், நாள், எண் முதலியவற்றின் மரபை வரையறுக்கும் சிறு கோப்புகள், க்னூவின் அடிப்படை நூலகத்தில் உள்ளன. அங்குத் தமிழுக்கு இந்தியா, இலங்கை ஆகிய இரண்டே நாடுகள். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரும் இல்லை. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளையுடைய மலேசியாவும் இல்லை.

இதன் விளைவு சிறிதன்று. இங்குள்ள மாணவன் தமிழைத் தேர்ந்தால் ரிங்கிட்டுக்கு மாறாக ரூபாய் வருகிறது. நூறாயிரம் என்று பயின்று, இலக்கங்களை மும்மூன்றாகப் பிரித்து எழுதும் அவனுக்கு, இலட்சக் கணக்கில் 1,00,000 எனப் பிரித்துக் காட்டுகிறது. நாட்டின் மரபை நாடினால் மலாய் வரையறையை ஏற்கவேண்டும். மொழிக்கு ஒன்றும் நாணயத்திற்கு மற்றொன்றுமாகக் கலந்து அமைக்க வழியுண்டு என்பது மெய்யே. அது வல்லுநர்க்கு எளிது, தோட்டப் பள்ளி ஆசிரியர்க்கு எளிதன்று. பாஸ் சென்னையில் பிறந்ததாயினும் இந்தியத் தேவைக்கென எழுந்ததாதலின் இக்குறையைத் தீர்க்கவில்லை.

முடிபு

தொகுத்து நோக்கின், புதிதாகப் பழகும் ஆசிரியர்க்கு விண்டோஸை ஒத்த முகப்புடைய மின்ட் எளிது. பராமரிக்க ஒருவர் உள்ள பள்ளிக்கு டெபியன் உறுதியானது. ஆயினும் பதிப்பு மட்டும் பயன் தாராது. கேரள அரசு தன் பள்ளிகளுக்கெனத் தனிப் பதிப்பை அமைத்ததோடு நில்லாது, அதற்கேற்ற பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் தந்தது. அதன் முயற்சி நிலைபெற்றமைக்கு அதுவே காரணம். கருவியை மட்டும் கொடுத்துக் கற்பிப்போரை மறத்தல், ஏட்டைக் கொடுத்து எழுத்தாணியை மறைத்தல் போன்றது.

மலேசியத் தமிழுக்குரிய வரையறையை எழுதுவதும் அரிய செயலன்று. அது சில பக்க அளவே உள்ள உரைக்கோப்பு. உலகப் பொது வட்டார வழக்குத் தொகுப்பில் மலேசியத் தமிழுக்கு முன்னரே இடமுண்டு. அதனை அடிப்படையாகக் கொள்ளலாம். நாள், கிழமை, எண் இவற்றின் சரியான வழக்கைச் சொல்லத் தமிழாசிரியரும், அதனைக் கோப்பாக்கக் கணினி கற்ற அவர்தம் பழைய மாணவரும் கூடினால் போதும். மூலத்தில் அஃது ஒருமுறை ஏற்கப்பட்டால், காலப்போக்கில் இங்கு ஒப்பிட்ட எல்லாப் பதிப்புகளிலும் தானே வந்து சேரும். திருத்தும் உரிமையை மூலம் அளித்துவிட்டது. அதனைப் பயன்கொள்ளாதிருப்பின், குறை பதிப்பினுடையதாகாது.