வீட்டோ: எங்கே நியாயம், எங்கே மீறல்

ஐ.நா. பாதுகாப்பு அவையில் நடைமுறை விவகாரங்கள் தவிர்த்த எந்தத் தீர்மானமும் நிறைவேற, 15 உறுப்பினர்களில் 9 பேரின் ஆதரவு வேண்டும். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. சாசனத்தின் 27ஆம் பிரிவு தரும் இந்தத் தடுப்பதிகாரம்தான் வீட்டோ. எல்லா நாடுகளும் இறையாண்மையில் சமம் என்று அதே சாசனத்தின் 2ஆம் பிரிவு சொல்வதால், உலக ஆளுகை பற்றிய விவாதம் எதுவும் இந்த முரணைத் தொடாமல் போவதில்லை.

வீட்டோவுக்கு ஆதரவான வாதம் வலுவானது. ஐ.நா.வுக்கு முந்தைய சர்வதேச சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) அமெரிக்கா சேரவே இல்லை. ஜப்பானும் ஜெர்மனியும் 1933இல் விலகல் அறிவித்தன. பெரிய நாடுகள் வெளியே நின்றால் அமைப்பு வெற்றுக்கூடு ஆகிவிடும் என்பதே அந்தப் பாடம். 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆஸ்திரேலியாவின் எவட் தலைமையில் சிறிய நாடுகள் வீட்டோவை எதிர்த்தபோது, அமெரிக்க செனட்டர் டாம் கானலி சாசன வரைவைக் கிழித்துக் காட்டி, வீட்டோ இல்லையேல் சாசனமும் இல்லை என்று உணர்த்தினார். அணு ஆயுத வல்லரசு ஒன்றின் மீது ஐ.நா. பெயரில் போர் தொடுக்கப்படாமல் இந்த ஏற்பாடு தடுக்கிறது. பெருவல்லரசுகளின் தனிப்பொறுப்பைச் சர்வதேச ஒழுங்கின் தூண்களில் ஒன்றாகச் சர்வதேச உறவுகள் அறிஞர் ஹெட்லி புல் 1977இல் விளக்கியதும் இந்தப் போக்கில்தான்.

ஆனால் அந்த நியாயம் பெரும்போரைத் தவிர்க்கும் இடத்துக்கு மட்டுமே பொருந்தும். 1999 பிப்ரவரியில் மாசிடோனியாவில் இருந்த அமைதிப்படையின் காலத்தை நீட்டிக்கும் தீர்மானத்தைச் சீனா தடுத்தது. மோதல் மூளும் முன்பே அதைத் தவிர்க்க ஐ.நா. நிறுத்திய முதல் படை அது. சீனா தன் பகுதியாகக் கருதும் தைவானை மாசிடோனியா அங்கீகரித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. படை நீடித்திருந்தால் சீனாவின் பாதுகாப்புக்கு எந்தக் குறைவும் நேர்ந்திராது. ஆனால் பக்கத்துக் கொசோவோ பற்றியெரிந்துகொண்டிருந்த வேளையில் அந்தப் படை வெளியேற வேண்டியதாயிற்று. 1972இல் வங்கதேசத்தின் உறுப்புரிமையையும் சீனா தடுத்தது. 1996இல் புத்ரோஸ் காலி இரண்டாம் முறை பொதுச்செயலாளர் ஆவதை அமெரிக்கா தனித்து நின்று தடுத்தது. மற்ற 14 உறுப்பினர்களும் அவரை ஆதரித்திருந்தனர்.

இதைவிட ஆழமான குறை, வழக்கில் சம்பந்தப்பட்டவரே தீர்ப்பிலும் கைவைப்பது. தகராறில் ஒரு தரப்பாக உள்ள நாடு வாக்களிப்பிலிருந்து விலக வேண்டும் என்று 27ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் சமரச முயற்சிகள் சார்ந்த தீர்மானங்களுக்கு மட்டுமே இது பொருந்தும், அங்கும் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தை ரஷ்யா வீட்டோ செய்தபோது, அந்த மாதம் அவைத்தலைமையும் அதன் கையிலேயே இருந்தது.

நிறுவனத்தின் நியாயத்தன்மையை, அது தன் சொந்த நோக்கத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்ற அளவுகோலாலும் பார்க்க வேண்டும் என்று அறிஞர்கள் புக்கானனும் கியோஹேனும் 2006இல் வாதிட்டனர். வீட்டோ தோற்பது அந்த அளவுகோலில்தான்.

மாற்றுவழிகள் இல்லாமல் இல்லை. 1950இன் 'அமைதிக்காக ஒன்றிணைதல்' தீர்மானத்தின் வழியே, 1956இல் பிரிட்டனும் பிரான்சும் வீட்டோ செய்த சூயஸ் விவகாரத்தைப் பொதுச்சபை கையிலெடுத்தது. 2022 ஏப்ரலில் இருந்து வீட்டோ செய்யப்பட்டால் 10 வேலைநாட்களுக்குள் பொதுச்சபை கூடி விவாதிக்க வேண்டும். பெருங்கொடுமைகளின்போது வீட்டோவைத் தாமாகவே கைவிடலாம் என்று பிரான்சும் மெக்சிகோவும் முன்வைத்த யோசனையை அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் ஏற்கவில்லை. சாசனத்தைத் திருத்தவும் ஐவரின் ஒப்புதல் வேண்டும் என்பதால், இப்போதைக்கு நடக்கக்கூடியது, தடுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டிய கட்டாயத்தை இறுக்கிக்கொண்டே போவதுதான்.