அரம் பட்ட தழும்பு

பழைய ராணுவச் சாமான்களின் சந்தையில் ஒரு துப்பாக்கி ஸ்கோப்பின் விலையைச் சட்டென்று ஏற்றிவிடும் சொல் 'முன்மாதிரி'. விற்பவர் அதைச் சொன்ன உடனே வாங்குபவரின் காதில் 'அரியது' என்றே விழுகிறது. பிறகு நடக்கும் பேரம் முழுவதும் அந்த அருமையைச் சுற்றித்தான். மதிப்பை இப்படித் தவறான இடத்தில் வைக்கிறோம் என்பது என் கருத்து. அரிது என்பது எண்ணிக்கையைப் பற்றிய செய்தி. பொருளின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தொழிற்சாலையில் தவறாகக் கடைந்து ஒதுக்கிய ஒற்றைக் குழாயும் அரியதுதான், அதற்காக யாரும் அதைக் கொண்டாடுவதில்லை. முன்மாதிரியிடம் மட்டும் கிடைக்கக்கூடிய ஒன்று உண்டு: செய்தவர் இன்னும் முடிவுக்கு வராதபோது அவர் கை செய்த வேலை. அந்த வேலையின் தடயம் கெடாமல் இருக்கிறதா என்பதுதான் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கண்ணாடி பளிச்சென்று தெரிகிறதா, பெட்டி இருக்கிறதா, கறுப்புப் பூச்சு உரியாமல் இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு வரட்டும்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய வழக்கம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு ஆயுதத்தையோ கருவியையோ ஏற்றுக்கொள்வதென்று முடிவானதும், அதில் ஒன்றை எடுத்து அரக்கு முத்திரையிட்டுப் பாதுகாப்பில் வைப்பார்கள். தயாரிப்பாளர்கள் அனைவரும் அதற்கு ஒப்பவே செய்தாக வேண்டும். என்ஃபீல்டில் இருந்த 'பேட்டர்ன் ரூம்' அப்படித்தான் சேர்ந்தது. அது நாட்டிங்ஹாமுக்கு மாறி, இன்று லீட்ஸில் ராயல் ஆர்மரீஸ் பொறுப்பில் இருக்கிறது. முத்திரையிட்ட அந்தப் பொருள் ஒரு தீர்ப்பு. அதைப் பார்த்தால் எது சரியென்று முடிவானது என்பது தெரியும். எவற்றையெல்லாம் தள்ளிவிட்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது தெரியாது. முன்மாதிரியில்தான் வழக்கு விசாரணையைப் பார்க்கலாம். அடைத்துவிட்ட ஒரு துளை, இடம் மாற்றிய ஒரு திருகு, அச்சால் பதிக்காமல் கையால் செதுக்கிய எண்கள் என ஒவ்வொன்றும் ஒரு சாட்சியம்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வியட்நாம் போர்க்காலத்து ஏ.ஆர்.டி. ஸ்கோப். அமெரிக்க ராணுவத்தின் இளநிலை அதிகாரியான ஜேம்ஸ் லெதர்வுட்டின் யோசனை அது; டென்வரில் இருந்த ரெட்ஃபீல்ட் நிறுவனத்தின் 3 முதல் 9 மடங்கு வரை பெருக்கும் ஸ்கோப்பை மாற்றியமைத்து உருவானது. எம்14 துப்பாக்கியைத் துல்லியத்துக்காகச் சீர்செய்து உருவாக்கிய எக்ஸ்எம்21-இன் மேல் பொருத்தப்பட்டு, 1960களின் கடைசி ஆண்டுகளில் களத்துக்குப் போனது. குறி பார்ப்பவனுக்கு இரண்டு தொல்லைகள். இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மதிப்பிட வேண்டும். அந்தத் தூரத்துக்குத் தோட்டா எவ்வளவு தாழும் என்று கணக்கிட்டுக் குழாயை அதற்கேற்ப உயர்த்த வேண்டும். இந்த இரண்டையும் லெதர்வுட் ஒரே கை அசைவுக்குள் கொண்டுவந்தார்.

எப்படி என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் குறுக்குக்கம்பிகளோடு சிறு அளவுக்கோடுகளும் இருக்கின்றன. கிடைக்கம்பிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் இலக்கின்மேல் 30 அங்குலம். ஒரு மனிதனின் இடுப்பு வாரிலிருந்து தலை உச்சிவரை உள்ள உயரம் ஏறக்குறைய அது. பெருக்க வளையத்தைத் திருப்பத் திருப்ப உருவம் பெரிதாகிறது, கோடுகள் அப்படியே நிற்கின்றன. உருவம் கோடுகளுக்குள் சரியாக அடங்கும்போது பெருக்கமே தூரத்தைச் சொல்லிவிடுகிறது: 3 மடங்கென்றால் 300 மீட்டர், 9 மடங்கென்றால் 900 மீட்டர். அதே வளையத்தோடு ஒரு கேம் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஓரம் வட்டமாக இல்லாமல் ஏறி இறங்கும் சிறு தகடு. வளையம் சுழலும்போது கேமின் விளிம்பு, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்டின் அடித்தளத்தின்மேல் அழுந்தி ஸ்கோப்பின் பின்முனையைத் தூக்குகிறது. பின்முனை தூக்கப்பட்டால், குறி மறுபடி இலக்கில் படிய வேண்டுமானால் துப்பாக்கிக் குழாய் நிமிர்ந்தே ஆக வேண்டும். தூரம் அளந்த அதே நொடியில் உயரமும் அமைந்துவிடுகிறது. மனக்கணக்கு இல்லை, அட்டவணை இல்லை.

அந்தக் கேமின் விளிம்பைத்தான் ரசிகன் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலில் மெல்ல ஏறும் வளைவு தூரம் கூடக் கூடச் செங்குத்தாகிறது. தோட்டா வேகம் இழந்து விழும் பாதையை உலோகத்தில் வெட்டி வைத்த வடிவம் அது. எம்118 என்ற 173 கிரெயின் எடையுள்ள ஒரே வகைத் தோட்டாவுக்கென்று வெட்டியது. வேறு தோட்டா போட்டால் வளைவு பொய் சொல்லும். கணக்கு அட்டவணையிலிருந்து இந்த வளைவை வரைந்துவிடலாம் என்பது உண்மையே. ஆனால் கண்ணாடி, மவுண்ட், கேம் மூன்றும் சேர்ந்து அந்தக் கணக்குக்கு இணங்குகின்றனவா என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். சுட்டு, ராவி, மறுபடி சுட்டுத் திருத்திய கேமின் விளிம்பில் அரம் பட்ட தழும்பு நிற்கும். எந்திரம் வெட்டிய பிந்தைய கேமில் அது இருக்காது. நான் மதிப்பது அந்தத் தழும்பை. அதை மெருகேற்றி அழித்தவர், பொருளை அழகாக்கியிருக்கலாம். வாங்கத் தகுந்த காரணத்தை எடுத்துவிட்டார்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். முன்மாதிரி என்பது குறையுள்ள பொருள்தானே, குறைகளைத் திருத்திச் செய்த பிந்தைய கருவி மேலானதாயிற்றே, மேலானதை விட்டுவிட்டுக் கீழானதை ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்கலாம். பயன்படுத்துபவருக்கு இந்த வாதம் முழுக்கச் சரி. ஏ.ஆர்.டி.யிலும் குறை இருந்தது: பெருக்கமும் தூரமும் ஒரே வளையத்தில் கட்டுண்டதால், 300 மீட்டரில் இருப்பதை 9 மடங்கில் பார்த்துக்கொண்டே சரியான உயரத்தில் சுட வழியில்லை. பிறகு வந்த ஏ.ஆர்.டி. 2-இல் பெருக்க வளையத்தையும் கேமையும் பிரித்து, வேண்டும்போது மட்டும் பூட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். ஆனால் அந்தப் பூட்டு எதற்காக வந்தது என்பது பிந்தைய கருவியை மட்டும் வைத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? முந்தையதைக் கையில் எடுத்து, அந்தத் தளையை விரலால் உணர்ந்தவருக்கே பூட்டின் அருமை புரியும். குறையைப் பார்க்காதவர் திருத்தத்தை ரசிக்க முடியாது.

பிரிட்டனின் நம்பர் 32 ஸ்கோப் இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. பிரென் எந்திரத்துப்பாக்கிக்காக வகுக்கப்பட்டு, கடைசியில் நம்பர் 4 துப்பாக்கியின் மேல் போய் உட்கார்ந்த கருவி அது. 3 மடங்குதான் பெருக்கும். முதல் மாதிரியில் உயரத் திருகு 50 கஜத்துக்கு ஒரு படியாக நகரும். பக்கவாட்டுத் திருகு இரண்டு நிமிடக் கோணம். 1943-இல் வந்த இரண்டாம் மாதிரியில் இரண்டுமே ஒரு நிமிடக் கோணமாயின. 100 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம். முதல் இரண்டு மாதிரிகளையும் துப்பாக்கியோடு ஒத்திசைத்து ஸீரோ செய்வதற்குத் தனிக் கருவி தேவைப்பட்டது, வேலையும் எரிச்சலூட்டுவது. 1944-இன் மூன்றாம் மாதிரியில்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. போருக்கு நடுவில் கருவியைக் களத்தில் வைத்துக்கொண்டே யோசித்திருக்கிறார்கள். அந்த மூன்றாம் மாதிரி மறுபடி திருத்தப்பட்டு, 7.62 மில்லிமீட்டர் எல்42ஏ1 துப்பாக்கியின் மேல் 1970க்குப் பிறகும் வேலை செய்தது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வார்னர் அண்ட் ஸ்வேஸி நிறுவனம் செய்த 1908 மாதிரி ஸ்கோப் இன்னும் துயரமான கதை. லிக் வானாய்வகத்தின் 36 அங்குலத் தொலைநோக்கிக்கும் யெர்க்ஸின் 40 அங்குலத் தொலைநோக்கிக்கும் தாங்கு அமைப்பைக் கட்டியவர்கள் அவர்கள். ஆனால் வானத்தைப் பார்க்கும் கருவிக்கு உதையில்லை. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் ஒன்றரை அங்குலமே இடைவெளி. சுடும்போது துப்பாக்கி தரும் உதையைத் தாங்க ஒரு ரப்பர் குவளை. இரண்டு பவுண்டுக்கு மேற்பட்ட எடை துப்பாக்கியின் இடப்பக்கம் தொங்கியது. 1913-இல் பெருக்கத்தை 6-இலிருந்து 5.2 ஆகக் குறைத்தார்கள். மற்ற தொல்லைகள் பெரும்பாலும் அப்படியே நீடித்தன. முன்மாதிரி நிலையிலேயே தீர்த்திருக்க வேண்டிய கேள்விகள் பதுங்குகுழிவரை போய்விட்டன என்றே இதைப் படிக்கிறேன்.

இனி, இன்னொருவர் கைப்பட்ட பழைய பொருளை வாங்குபவர் எதைப் பார்த்து நம்புவது? முன்மாதிரிக்குப் பெரும்பாலும் வரிசை எண்ணோ பட்டியலோ கிடையாது என்பதால் பொய் சொல்வது எளிது. காலத்துக்கு ஒவ்வாத பாகமே முதல் சாட்சி. லென்ஸின்மேல் நீலமோ ஊதாவோ பளபளக்கும் ஒளிப்பூச்சு, ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா 1935-இல் கண்ட முறைக்குப் பிறகு பரவியது. முதல் உலகப் போர்க் காலத்துப் பொருள் என்று சொல்லப்படுவதில் அது இருந்தால், பிற்காலத்தில் யாரோ கண்ணாடியை மாற்றியிருக்கிறார்கள். உள்ளே நைட்ரஜன் அடைத்து மூட்டம் படியாமல் காக்கும் முறையை லியூபோல்ட் நிறுவனம் 1947-இல் கொண்டுவந்தது. கூட்டல்குறி வெட்டிய பிலிப்ஸ் திருகு 1930களின் வரவு. பழைய ஸ்கோப்புகளில் திருகைத் திருப்பினால் குறுக்குக்கம்பியே நகரும், ஓரம் ஒதுங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு திருப்பினாலும் நடுவிலேயே நிற்கும் கம்பி பிந்தைய காலத்துக்கு உரியது. லென்ஸ்களை ஒட்டிய கனடா பால்சம் பிசின் வயதானால் விளிம்பிலிருந்து பிரிந்து வானவில் நிறம் காட்டும். அது முதுமையின் அடையாளம், பெரும்பாலும் நல்ல சாட்சி. நம்பர் 32 போன்றவற்றில் ஸ்கோப்பின் எண் துப்பாக்கிக் கட்டையின் கழுத்தில் பொறிக்கப்பட்டது, துப்பாக்கியின் எண் மவுண்டில். ஜோடி பிரிந்தால் பாதிச் சாட்சியம் போயிற்று. ஸ்கோப்பை மட்டும் தனியே கழற்றி விற்பவரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

மங்கிய கண்ணாடியைச் சுத்தம் செய்தால் என்ன, பார்க்க முடியாத ஸ்கோப்பை வைத்து என்ன பயன் என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. பூஞ்சை பிடித்தால் அது லென்ஸை அரித்துக்கொண்டே போகும், அதை நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்துவது வேறு, புதிதாக்குவது வேறு. முதலில் படம் எடுத்து, திருகுகள் நிற்கும் கோணத்தைக் குறித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துக்கே திருப்பும் கைகளிடம்தான் தர வேண்டும். பால்சம் பிரிந்ததை மறுபடி ஒட்டுவதும், உலோகத்துக்கு மறுபூச்சு கொடுப்பதும் கூடாது. கழற்றியதன் அடையாளம் திருகின் வாயில் எப்போதும் நிற்கும். அடுத்து வாங்குபவருக்கு அது யாருடைய தடயம் என்று குழப்பும்.

மிகப் பெரிய மறுப்பு ஒழுக்கம் சார்ந்தது. இது மனிதனைக் கொல்ல உதவும் கருவி. இதில் அழகைத் தேடுவது என்ன ரசனை? இதற்கு ஒரு சமாதானம் சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை. ஏ.ஆர்.டி.யின் இரண்டு கோடுகளுக்கு நடுவே அளக்கப்பட்டது ஒரு மனித உடல். அதைச் சொல்லாமல் கேமின் வளைவை மட்டும் புகழ்பவர் கருவியைப் பாதிதான் பார்த்திருக்கிறார். ஆனால் பார்க்க மறுப்பதால் அந்த அளவு இல்லாமல் போகாது. ஒரு காலம் எதைத் துல்லியமாக்க விரும்பியது, அதற்கு எவ்வளவு அறிவைச் செலவிட்டது என்பதற்கு இதைவிட நேரடியான ஆவணம் கிடைப்பது அரிது. மெருகேற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த ஸ்கோப் அந்த உண்மையை மறைக்கிறது. தழும்போடு இருப்பது சொல்கிறது. இந்தக் காரணத்துக்காகவும் நான் தழும்பின் பக்கம் நிற்கிறேன்.

அப்படியானால் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியதுதானே என்பவர்களுடன் எனக்குப் பாதி உடன்பாடு. ராணுவம் ஒருபோதும் விற்காமல் ஒரு சோதனைப் பொருள் வெளியே வந்திருந்தால் அது இன்னும் அரசின் சொத்தாக இருக்கலாம். விடுவிப்புக் காகிதம் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. நாட்டின் எல்லை தாண்டும் விற்பனைக்கு அனுமதியும் தேவைப்படும். அமெரிக்காவில் துப்பாக்கி ஸ்கோப்புகள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. காகிதம் சரியாக உள்ள பொருளைத் தனியார் வைத்திருப்பதில் தவறில்லை, ஆனால் ஒரு கடமை சேர்ந்தே வருகிறது. உங்கள் கைக்கு அப்படி ஒன்று வந்தால் மெருகுத் துணியை எடுக்காதீர்கள். முதலில் கேமின் விளிம்பை, அளவுக்கோடுகளின் இடைவெளியை, அடைத்த துளைகளின் இடத்தை அளந்து வரைபடமாக்குங்கள். ஒரு பிரதியை ஆராய்ச்சி செய்யும் அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். பொருளை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், அளவுகளை வைத்துக்கொள்ளாதீர்கள்.