அளவும் அச்சும்

சுவாமிமலைப் பட்டறையில் வேலை கற்க வருபவர் எடுத்த எடுப்பில் சொந்தமாக எதையும் வடிப்பதில்லை. மூத்த ஸ்தபதி பிடித்த மெழுகு உருவைப் பார்த்து விரல், காது, பீடத்துத் தாமரை இதழ் என்று உறுப்பு உறுப்பாகச் செய்து பழகுகிறார். ஆனால் அவர் கைக்கொள்வது உருவத்தைவிட அளவைத்தான். சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, சிற்ப நூல் சொல்லும் கணக்குப்படி மடித்து அளவு குறிப்பது அங்குள்ள வழக்கம். சிவன், திருமால் போன்ற தலைமைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாளம் என்ற அளவு, அதாவது உயரம் 124 பங்கு. தேவியருக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. முகத்துக்கு எத்தனை பங்கு, மார்புக்கு எத்தனை என்று விதி சொல்லிவிடும். இடுப்பின் வளைவு எங்கே இளக வேண்டும் என்பதைச் சொல்லாது. கைக்குக் கை வேறுபாடு தெரிவது அங்கேதான்.

வார்ப்பு முறையும் இந்தப் பயிற்சிக்குத் துணை நிற்கிறது. மெழுகு உருவின்மேல் காவிரி வண்டல் பூசிச் செய்த அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகைத்தான் பிடிக்க வேண்டும். ஒரே நடராசரைத் திரும்பத் திரும்பச் செய்பவரும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே செய்கிறார்.

இந்தப் பயிற்சி கையை எவ்வளவு தேற்றும் என்பதற்குச் சங்கடமான சான்று ஒன்று உண்டு. கும்பகோணம் அருகே சிவபுரத்தில் 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த சோழர் கால நடராசர் பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டது. கோயிலுக்குத் திரும்பி வந்ததோ நகல். பல ஆண்டுகள் யாருக்கும் ஐயம் எழவில்லை. அசல் அமெரிக்காவில் கலைச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்து, வழக்குகளுக்குப் பின் 1986இல்தான் இந்தியா திரும்பியது. அந்த நகலில் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் செய்தவரின் கை எது என்று தெரியாதபடி செய்வதே அங்கே வெற்றியாகிவிட்டது. வழிபாட்டுக்கும் விற்பனைக்கும் பழைய சிலைபோலவே வேண்டும் என்று கேட்கப்படும்வரை இந்த ஆபத்து நேர்மையான பட்டறைக்கும் உண்டு.

தஞ்சாவூர் ஓவியத்தின் நிலை வேறு. துணி ஒட்டிய பலகை, மக்கு வேலை, கல் பதிப்பு, தங்க ரேக்கு எல்லாமே பொறுமையும் தேர்ச்சியும் கேட்பவை. பயிற்சி வகுப்புகளில் அவை நன்றாகவே கற்றுத் தரப்படுகின்றன. அவற்றுக்கு அடியில் உள்ள கோடு மட்டும் பெரும்பாலும் கார்பன் தாள் வழியே பலகைக்கு இறங்குகிறது. வெண்ணெய்க் குடத்தோடு இருக்கும் கிருஷ்ணனைப் பத்துப் பலகையில் முடித்த மாணவருக்கு, தாள் இல்லாமல் அந்தக் கன்னத்தை வரைய வராது. கண் அளக்காமல் கை மட்டும் பின்தொடர்வதை நகல் பயிற்சி என்பதே மிகை.

பார்த்து வரைவது இதிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைப் பத்திரிகை ஓவியர் கோபுலுவிடம் காணலாம். தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த அவரை, ஆனந்த விகடன் தீபாவளி மலருக்காக, தியாகராஜர் பூசித்த ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரையத் திருவையாற்றுக்கு அனுப்பினார் விகடன் ஓவியர் மாலி. பிறர் படைப்பை நேரில் பார்த்து வரைவதில் தொடங்கிய அந்தக் கை, பிற்பாடு ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடர்கதைக்கு நாகஸ்வரக்காரரையும் நாட்டியக்காரியையும் வரைந்த படங்களை, கையெழுத்தைப் பார்க்காமலேயே கோபுலுவுடையவை என்று சொல்லிவிடலாம். மாலியின் கோட்டுச் சிக்கனம் அவற்றில் உண்டு. மாலியின் முகங்கள் இல்லை.