மன்னார்க் கடலுக்கு எந்த வானொலி?

செய்மதி வழியே ஒலி தரும் சேவைகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் எத்தனை அலைவரிசை, மாதம் எவ்வளவு சந்தா என்றுதான் பார்ப்பார்கள். மன்னாரில் அந்தக் கணக்கு பிறகு. வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கிற இரவில் பேசாலை வீட்டிலும், சிலாவத்துறையிலிருந்து போன வள்ளத்திலும் அது கேட்குமா? நடத்துபவர் கைவிட்டால் நாம் வாங்கிய பெட்டி என்னாகும்? இந்த இரண்டையும் வைத்தே எடைபோட வேண்டும்.

நின்றுபோன ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நோவா சமாராவின் வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஆசியாஸ்டார் செய்மதியை ஏவியது. கையில் எடுத்துப் போகக்கூடிய பெட்டி, சிறிய அன்டெனா. அதன் அலைவரிசைகளில் கே.எல். ரேடியோவில் தமிழ்த் திரைப்பாடல், ஸ்ருதியில் கர்நாடக இசை. அது பயன்படுத்திய ஏறத்தாழ 1.5 கிகாஹேர்ட்ஸ் அலையை மழை அவ்வளவாகப் பாதிக்காது. சுனாமிக்குப் பிறகு லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதய இயக்கமும் இலங்கையின் 32 கிராமங்களில் பேரிடர் எச்சரிக்கைச் சாதனங்களைச் சோதித்துப் பார்த்தபோது, வேர்ல்ட்ஸ்பேஸ் செய்மதி வழியே இயங்கும் பெட்டியும் அவற்றில் இருந்தது. எச்சரிக்கை வந்துசேர்ந்ததா என்று ஊரவர் அதன் வழியே திருப்பிச் சொல்ல முடியாது என்பது குறை. என்றாலும் நல்ல தொழில்நுட்பம். அதைக் கொன்றது வியாபாரம். 2008 ஒக்டோபரில் நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2009 டிசம்பர் 31உடன் இந்தியச் சேவை முடிந்தது. செய்மதி ஒலிக்கென்று சந்தாதாரர் கொடுத்த காசு அதோடு போயிற்று. பணக்கார அமெரிக்காவிலேயே போட்டியிட்ட எக்ஸ்எம், சிரியஸ் என்ற செய்மதி வானொலி நிறுவனங்கள் இரண்டும் 2008இல் ஒன்றாகிவிட்டன. தாங்க முடியாத செலவுள்ள தொழில் இது.

இன்று மிஞ்சியிருப்பவற்றில் இந்தியாவின் டிடி ஃப்ரீ டிஷ் மலிவானது: சந்தா இல்லை, தொலைக்காட்சியோடு ஆகாசவாணி வானொலிகளும் வரும். இந்தியாவுக்கென்று வீசும் கதிர் பாக்குநீரிணையோடு நின்றுவிடுவதில்லை. ஆனால் அந்த அலை மழைக்கு எளிதில் நலியும். கார்த்திகையில் வானம் இருண்டு கொட்டும்போது, செய்தி மிகவும் வேண்டிய அந்த நேரத்திலேயே, திரை உறைந்துவிடும். கூரையில் பூட்டிய டிஷ் வள்ளத்தில் ஏறாது. பாட்டுக் கேட்கத் தொலைக்காட்சியையும் ஓடவிட வேண்டும். நமது டயலொக் தொலைக்காட்சிக்கும் இதே குறைகள்தான், சந்தா வேறு.

2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் மூலம் உலகின் எந்த இணைய வானொலியையும் கேட்கலாம். வசதி மெய். சந்தாவும் கருவியின் விலையும் நாட்கூலி மீனவருக்கு எட்டாதவை. வழக்கமான கருவி சுமார் 75 முதல் 100 வாட் வரை மின்சாரம் இழுக்கும். கரண்ட் போன வீட்டில் அதை எவ்வளவு நேரம் ஓட்டுவது?

இவற்றோடு பற்றரியில் பாடும் பழைய வானொலிப் பெட்டியை நிறுத்திப் பாருங்கள். இலங்கை வானொலியின் தென்றலும் தமிழ்நாட்டு நிலையங்களும் அதில் சந்தா இல்லாமல் கேட்கும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர்தான். தரைவழி ஒலிபரப்பும் நிற்கத்தான் செய்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். 2017 ஏப்ரல் 30இல் பிபிசி தமிழோசை நின்றது. மனம் நொந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அன்று தமிழோசை மட்டுமே போனது. பெட்டி மற்ற நிலையங்களுக்குப் பயன்பட்டது. எந்த ஒரு நிறுவனமும் அதைப் பூட்டி வைக்க முடியாது. என் தராசில் இந்த ஒரு குணம் நூறு அலைவரிசைகளைவிடக் கனமானது.

ஆகவே என் தீர்ப்பு: வீட்டில் பாட்டுக்கு ஃப்ரீ டிஷ் போதும், மாதச் சந்தா எதற்கும் கட்டுப்பட வேண்டாம். எச்சரிக்கைக்குப் பற்றரி வானொலி வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். கடலுக்கு மட்டும் இன்றைய செய்மதி வானொலி எதுவும் தகுதி பெறவில்லை. அங்கே வேண்டியது வேறு வகைக் கருவி. இந்தியாவில் 2019 ஒக்டோபரில் வெளியிடப்பட்ட ஜெமினி, புயல் எச்சரிக்கையைச் செய்மதி வழியே பெற்று மீனவரின் கைபேசிக்கு அனுப்புகிறது. தொலைபேசிக் கோபுரம் எட்டாத தூரத்திலும் அது வேலை செய்யும். கடற்றொழில் திணைக்களம் அதைப் போன்ற ஒன்றை, தமிழில், மானிய விலையில், மன்னாரின் சிறு வள்ளங்களுக்கும் கொடுக்க வேண்டும். மீனவர் சங்கங்கள் இதைக் கூட்டாகக் கேட்க வேண்டும்.