இயந்திரத்தின் நகை: பெல்ஜிய ரெலெக்ஸ் குழுவின் இசை பற்றி ஒரு நோக்கு

1

வெகுசன இசையை ஆராய்வது விமரிசகனுக்குரிய பணியன்று என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. செவ்வியல் இசைக்கும் நாட்டார் பாடலுக்கும் ஆய்வுத் தகுதி வழங்கும் நாம், சந்தைக்கெனத் தயாரிக்கப்படும் பாட்டைப் பண்டம் எனக் கூறி ஒதுக்கிவிடுகின்றோம். அது பண்டம் என்பதில் ஐயமில்லை. ஆயின், தான் பண்டம் என்பதை ஒளிக்காது, அந்தப் பண்டத்தன்மையையே தன் பொருளாகக் கொண்டு ஓர் இசை ஒலிக்குமாயின் அதனை எவ்வாறு மதிப்பிடுவது? 1978இல் பெல்ஜியத்தின் தலைநகரான பிரசெல்ஸில் தோன்றிய ரெலெக்ஸ் என்னும் மூவர் குழு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

குழுவின் பெயரே கவனத்திற்குரியது. வங்கிகளும் வணிக நிலையங்களும் ஒன்றுக்கொன்று எழுத்துச் செய்திகளைத் தட்டி அனுப்பப் பயன்படுத்திய இயந்திரம் ரெலெக்ஸ். காதலையோ கலகத்தையோ நினைவூட்டும் பெயரைச் சூடுதல் இசைக் குழுக்களின் வழக்கமாக இருந்த காலத்தில், இவர்கள் அலுவலக மூலையில் இருந்த ஒரு கருவியின் பெயரைத் தமதாக்கிக்கொண்டனர். மின்னணு இயந்திரங்களைக் கொண்டு இசை செய்தோர் அக்காலத்தில் வேறு பலரும் இருந்தனர். இயந்திரத்தை மனிதனாகக் காட்ட முயலாது இயந்திரமாகவே ஒலிக்கவிட்டமையும், அந்த ஒளிவின்மையிலிருந்து நகைச்சுவையைப் பிறப்பித்தமையுமே ரெலெக்ஸின் தனித்துவம் எனலாம். அவர்களது ஏறத்தாழ முப்பதாண்டுப் பயணத்தின் ஏற்ற இறக்கங்களை இவ்வளவுகோல் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

குழுவை அமைத்த மார்க் மூலான் (1942–2008) ஜாஸ் மரபில் வந்தவர், பியானோ இசைஞர், பெல்ஜிய வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராகப் பணியாற்றியவர். 1970களின் முற்பகுதியில் அவர் நடத்திய பிளசீபோ என்னும் குழு, ஊது கருவிகளும் மின்பியானோவும் இணைந்த செறிவான ஜாஸ் இசையை வழங்கியது. 1975இல் அவர் தனித்து வெளியிட்ட 'சாம் சுஃபி' என்னும் இசைத்தட்டும் அவரது வாசிப்புத் திறனுக்குச் சான்றாகும். இரண்டாமவரான டான் லக்ஸ்மன், சிந்தசைசர் ஐரோப்பாவில் அரிதாக இருந்த காலத்திலேயே அதனைக் கையாளப் பழகிய ஒலிப்பதிவாளர். மூன்றாமவரான மிஷெல் மூர்ஸ் கட்டடக் கலை பயின்றவர். குழுவின் குரல் அவருடையது.

மூலான் இப்புதிய முயற்சியில் எதனைக் கைவிட்டார் என்பது நோக்கற்பாலது. ஜாஸ் இசையின் உயிர்நாடி, கலைஞன் அக்கணத்தில் தன் கற்பனைக்கேற்ப வாசிக்கும் மனோதர்மமாகும். அதனை நன்கறிந்த ஒருவர், ஒரே சுரக்கோவையைச் சலியாது திருப்பி இசைக்கும் இயந்திரத்திடம் தம் விரல்களின் வேலையை ஒப்படைத்தார். இயலாமையால் எழுந்த எளிமைக்கும் இயன்றதைத் துறந்து பெற்ற எளிமைக்கும் வேறுபாடு உண்டு. ரெலெக்ஸின் எளிமை இரண்டாவது வகையைச் சார்ந்தது.

அவர்களுக்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. ஜேர்மனியின் கிராவ்ட்வேர்க் குழு 1977இல் ஐரோப்பியப் புகைவண்டியைப் பொருளாக்கி ஓர் இசைத்தட்டு வெளியிட்டிருந்தது. அதே ஆண்டில் ஜோர்ஜியோ மொரோடர், டொனா சமர் என்னும் பாடகிக்கெனச் சிந்தசைசர் ஒலியிலேயே ஒரு நடனப் பாடலை அமைத்திருந்தார். கிராவ்ட்வேர்க்கின் இசையில் இயந்திரத்தின்பால் ஒரு பயபக்தி தென்படும். மொரோடரின் இசையில் இயந்திரம் உடலின்பத்தைத் தூண்டும் கருவியாகும். ரெலெக்ஸின் இயந்திரமோ முகத்தில் சலனமின்றிப் பகடி பேசுவது.

3

1979இல் வெளிவந்த முதல் இசைத்தட்டான 'லுக்கிங் ஃபோர் சென் ட்ரோப்பே' இதனைத் தெளிவாகக் காட்டும். பில் ஹேலி 1954இல் பதிவுசெய்த 'றொக் அறவுண்ட் த குளொக்', மறு ஆண்டு திரைப்படமொன்றின் வாயிலாக உலகெங்கும் பரவி, இளைஞர் கலகத்தின் சின்னமாகக் கொள்ளப்பட்ட பாடல். ரெலெக்ஸ் அதனை மிக மெதுவாக, ஆவேசம் அனைத்தையும் வடித்துவிட்டு, கடமைக்கு ஒப்பிப்பவர் போன்ற குரலில் பாடியது. மணிக்கூட்டை வென்று இரவெல்லாம் ஆடுவோம் என்னும் வீறாப்பு, மணிக்கூட்டின் ஒழுங்கிலேயே இயங்கும் இயந்திரத்தின் வாயில் என்னவாகின்றது? கால் நூற்றாண்டுக்குள் அக்கலகமும் நேர அட்டவணைக்கு உட்பட்டுவிட்டது என்பதைக் கேட்போர் தாமே உணர்ந்துகொள்கின்றனர். இப்பாடல் பிரித்தானிய விற்பனை வரிசையில் 34ஆம் இடம்வரை சென்றமை, பகடியும் விலைபோகும் என்பதற்குச் சான்றாயிற்று.

அதே இசைத்தட்டில் பிளாஸ்ரிக் பேர்ட்ராண்ட் என்ற பெல்ஜியப் பாடகரின் பெயரில் 1977இல் புகழ்பெற்ற பங்க் பாணிப் பாடலொன்றும் இவ்வாறே மந்தகதியில் இடம்பெறுகின்றது. மூலப்பாடலில் ஒலித்த குரல் தம்முடையதன்று என்பதை அப்பாடகர் 2010இல் ஒப்புக்கொண்டார். கட்டற்ற இளமையின் குரலாகக் கொண்டாடப்பட்டது இரவற் குரல். உணர்ச்சியற்றது எனப் பழிக்கப்பட்ட ரெலெக்ஸின் குரலோ பாடியவரின் சொந்தக் குரல். எது மெய், எது போலி என்னும் வினாவுக்கு வெகுசன இசையில் எளிய விடை இல்லை.

ஃபிராங்பேர்ட் சிந்தனையாளரான அடோர்னோ 1941இல் எழுதிய கட்டுரையில், வெகுசனப் பாடல்கள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்றும், ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையது போன்ற மயக்கம் அவற்றின்மேற் பூசப்படுகின்றது என்றும் வாதிட்டார். ரெலெக்ஸ் செய்தது அப்பூச்சைச் சுரண்டி எடுத்ததேயாம். அச்சு அச்சாகவே தெரிகின்றது. தாளம் தாளப்பெட்டியினுடையது என்பதில் ஒளிவு இல்லை. அடோர்னோ இதனை விரும்பியிருப்பார் என்று கூறுவதற்கில்லை. ஆயினும், அவர் வெளியே நின்று முன்வைத்த குற்றச்சாட்டை இவர்கள் சந்தையின் உள்ளே நின்று ஆடலிசையாக அமைத்துக் காட்டினர்.

குழுவின் மிகப் பிரசித்தமான ஆக்கமாகிய 'மொஸ்கோ டிஸ்கோ'வும் இவ்விசைத்தட்டில் உள்ளது. புகைவண்டியின் ஓட்டம் தாளமாகவும் அதன் ஊதல் பல்லவிக்குரிய அடையாளமாகவும் அமைய, மொஸ்கோ நோக்கிச் செல்லும் வண்டியொன்று நடனக்கூடமாகின்றது. பிரசெல்ஸ் நேட்டோ அமைப்பின் தலைமையகம் உள்ள நகரம். மேற்கு ஐரோப்பாவில் புதிய அணுவாயுத ஏவுகணைகளை நிறுத்துவதென்ற முடிவு 1979 டிசெம்பரில் அந்நகரிலேயே எடுக்கப்பட்டது. அதே ஆண்டில் அதே நகரிலிருந்து மொஸ்கோவுக்கு ஓர் ஆடல் வண்டி புறப்பட்டதை வெறும் விளையாட்டென ஒதுக்கிவிட முடியாது. பாடல் அரசியற் கோஷம் எதனையும் எழுப்பவில்லை; எதிரியின் தலைநகரை ஆடப் போகும் இடமாகக் கற்பனை செய்ததே அதன் அரசியல்.

4

1980 ஏப்பிரலில் ஹேக் நகரில் நடைபெற்ற யூரோவிஷன் பாடற் போட்டியில் ரெலெக்ஸ் பெல்ஜியத்தின் சார்பிற் கலந்துகொண்டது. அவர்கள் எடுத்துச் சென்ற பாடலின் பெயர் 'யூரோ-விஷன்', பொருளும் அப்போட்டியே. நாடுகள் தத்தம் உணர்ச்சிப் பெருக்கைப் போட்டிக்கு விடும் மேடையில் இவர்கள் அசையாத முகத்துடன் போட்டியைப் பற்றியே பாடி, ஒரு கைப்பிடி வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவி, இறுதியில் அவையோரைப் புகைப்படமும் எடுத்துக்கொண்டனர். பார்க்க வந்தோர் பார்க்கப்படும் பொருளாயினர். அரங்கில் எழுந்த கைதட்டல் தயக்கம் மிக்கதாக இருந்தது.

தொல்காப்பியர் நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்கள் கூறுவர். அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக்குவர். இப்பகுப்பு ரெலெக்ஸின் உத்தியை விளக்கப் பெரிதும் துணைசெய்கின்றது. அவர்களது நகை எள்ளலிற் பிறந்து பேதைமையின் வேடம் பூண்டது. பழியை வெளிப்படையாகச் சொல்லாது புகழ்ச்சி போலக் கரந்து சொன்னமையால் அது பழிகரப்பு. கரந்த பழியைக் கண்டவர் சிரித்தனர். காணாதவர், இது என்ன உயிரற்ற பாட்டு என்று முகஞ்சுழித்தனர்.

பத்தொன்பது பாடல்களுள் கடைசி இடத்தைப் பெறுவதே தமக்கு உகந்தது எனக் குழுவினர் கருதியிருந்தனர். போர்த்துக்கல் வழங்கிய பத்துப் புள்ளிகள் அவ்விருப்பத்தைக் கெடுத்தன. மொத்தம் 14 புள்ளிகளுடன் அவர்கள் 17ஆம் இடத்தைப் பெற்றனர். வெற்றியை மறுத்து நடத்திய நாடகம் தோல்வியிலும் முழு வெற்றி பெறவில்லை என்பதில் ஓர் அழகிய முரண் உண்டு.

5

இதன்பின் குழுவின் ஒலி மாறத் தொடங்குகின்றது. 1981இல் வெளிவந்த 'செக்ஸ்' என்னும் இசைத்தட்டுக்குப் பாடல் வரிகளை எழுதியவர்கள் அமெரிக்காவின் ஸ்பார்க்ஸ் குழுவினரான மேல் சகோதரர்கள். வரிகளில் சொற்சாதுரியம் கூடியது. ஒலி செம்மையும் வழவழப்பும் பெற்றது. ஆயின், முன்னர் நகை ஒலியிலேயே இருந்தது. இப்போது அது சொல்லுக்கு இடம்பெயர்ந்தது. 1984இன் 'வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' அக்காலப் பொது இசையோட்டத்தை மேலும் நெருங்கி வருகின்றது. இதற்கான காரணம் குழுவிற்குள் மட்டும் இருந்ததன்று. 1980களின் நடுப்பகுதிக்குள் சிந்தசைசர் எல்லாப் பாடகருக்கும் உரிய பொதுக் கருவியாகிவிட்டது. எல்லோரும் இயந்திரமேந்திய பின், இயந்திரத்தை மறைக்காதிருத்தல் ஒரு நிலைப்பாடாக எஞ்ச முடியாது.

1988இன் 'லூனி ரியூன்ஸ்' இந்நெருக்கடிக்கு அவர்கள் கண்ட விடை. ஒலித் துணுக்குகளைப் பதிந்து வெட்டி ஒட்டும் சாம்பிளர் கருவி அப்போது பரவியிருந்தது. குரற்சிதறல்களையும் ஒலிக்குறும்புகளையும் அடுக்கி, பழைய கோமாளித்தனத்தைப் புதிய கருவியில் மீட்க முயன்றனர். அமைதியான முகத்துடன் சொல்லப்பட்ட பகடி இங்கு உரத்த சிரிப்பாகின்றது. முயற்சி துணிவானது, எனினும், சிக்கனம் குன்றியமையால் கூர்மையும் குன்றியது என்பதே என் மதிப்பீடு.

6

இனி ஓர் ஆட்சேபம். பகடி என்பது வசதியுள்ளோரின் விளையாட்டு. உலகை மாற்றவோ துயரைப் பகிரவோ அது உதவாது. எதிலும் ஒட்டாது நிற்பவன் எதற்கும் பொறுப்பேற்பதில்லை எனச் சமூக நோக்குடைய விமரிசகர் கூறலாம். இதில் உண்மை உண்டு. ரெலெக்ஸின் இசையில் உழைப்பவன் இல்லை, பசி இல்லை. பெல்ஜியம் மொழி அடிப்படையில் அரசியலமைப்பைத் திருத்திக்கொண்டிருந்த ஆண்டுகளில் உருவான அவ்விசையில் அம்முரண்பாட்டின் தடயத்தையும் காண்பது அரிது. இக்குறையை மறைத்துப் பேசுவது விமரிசனமாகாது.

ஆயினும், ஒட்டாமைக்கு எதிர்நிலையான உருக்கம் மட்டும் பொறுப்புடையதா என்பதையும் வினவுதல் வேண்டும். இதற்குப் பிற்காலத்து உதாரணம் ஒன்று உண்டு. 1992இல் டீப் ஃபொரெஸ்ட் என்னும் பிரெஞ்சு இருவர் குழு வெளியிட்ட முதல் இசைத்தட்டின் தயாரிப்பாளர் டான் லக்ஸ்மன். அதில் உலகப்புகழ் பெற்ற தாலாட்டு, சொலமன் தீவுகளின் மலைற்றா தீவில் வாழும் பைகு மக்களினுடையது. அஃபுனக்வா என்னும் பெண் பாட, இசை மானிடவியலாளர் ஹியூகோ செம்ப் அதனைப் பதிவுசெய்து வைத்திருந்தார். இசைத்தட்டோ அதனை மத்திய ஆபிரிக்கக் காட்டு மக்களை நினைவூட்டும் சூழலில் வைத்து, மென்மையான மின்னணு இசையில் தோய்த்து வழங்கியது. தமது பதிவு பயன்படுத்தப்பட்ட முறையைச் செம்ப் 1996இல் எழுத்து மூலம் கண்டித்தார். அத்தாலாட்டைக் கேட்டு உருகியோர் பலர். அது யாருடைய குரல் எனக் கேட்டோர் சிலரே.

இங்கு ஒரு தனிமனிதரைக் குற்றம் சாட்டுவது நோக்கமன்று. அப்படைப்பின் உரிமையும் பொறுப்பும் முதன்மையாக அவ்விருவருடையவை. இரு அழகியல்களை ஒப்பிடுவதே நோக்கம். பிறர் பாடலை எடுத்தாளும்போது ரெலெக்ஸ், மூலத்திற்கும் தனக்கும் உள்ள இடைவெளியைக் கேட்போர் காதில் விழும்படி விட்டுவைத்தது. மேற்கூறிய தாலாட்டில் அவ்விடைவெளி இனிமையால் தூர்க்கப்பட்டது. இயந்திரம் தன்னை மறைத்துக்கொண்டு இயற்கையின் குரலாக வேடமிட்டபோது, உண்மையிற் பாடிய பெண்ணும் அவ்வேடத்துள் மறைந்துபோனாள். ரெலெக்ஸின் வறண்ட நகைக்கு ஓர் அறப் பெறுமானம் உண்டென நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

7

பதினெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006இல் குழு 'ஹவ் டூ யூ டான்ஸ்?' என்னும் இசைத்தட்டுடன் மீண்டது. கான்ட் ஹீட் குழுவின் 'ஒன் த றோட் அகெயின்' முதலிய பழைய பாடல்கள் அதே சலனமற்ற முறையில் மறுபிறப்பு எடுத்தன. ஒலி மீண்டும் ஒடுங்கித் தெளிந்தது. தொடக்கத்தின் சிக்கனத்திற்குத் திரும்பியமையே இவ்விறுதிப் படைப்பின் பலம். மேடைக் கச்சேரிகளைத் தொடக்கம் முதலே தவிர்த்து வந்த இக்குழு அவ்வழக்கத்தை முடிவுவரை கைவிடவில்லை. 2008 செப்டெம்பரில் மூலான் காலமானதும், எஞ்சிய இருவரும் அவரின்றி ரெலெக்ஸ் இல்லை என முடிவுசெய்தனர். 2021 முதல் பிரித்தானியாவின் மியூட் நிறுவனம் அவர்களது ஆக்கங்களை மறுபதிப்புச் செய்ததனால் புதிய தலைமுறையொன்று அவற்றைக் கேட்கும் வாய்ப்பைப் பெற்றது.

அம்மறுபதிப்பு வெளிவந்த காலத்தில், மனிதர் போலவே உருகிப் பாடக் கணனிக்குக் கற்பிக்கும் முயற்சி மும்முரமடைந்திருந்தது. செவி இனி எதனை நம்புவது என்னும் வினா அதனால் கூர்மையடைந்துள்ளது. தன்னை இயந்திரமென ஒளிவின்றி அறிவித்த ரெலெக்ஸின் இசை இவ்விடத்தில் ஓர் உரைகல்லாக நிற்கின்றது. இசை நம்மை நெகிழச் செய்யும்போது, யார் பாடுகின்றார், எது பாடுகின்றது, யாருக்காகப் பாடப்படுகின்றது என்று கேட்கும் விழிப்பை அது கேட்போரிடம் வளர்க்கின்றது. சிரிக்க வைத்தே அவ்விழிப்பை ஊட்டியமை அம்மூவரின் சாதனையாகும்.