எலிக்கு வயது என்ன?

"தண்டுவடம் அறுபட்ட சுண்டெலி மீண்டும் நடந்தது!" இத்தகைய செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். படித்ததும் மகிழ்கிறோம், படுக்கையில் கிடக்கும் உறவினர் யாரேனும் இருந்தால் அவருக்கும் விடிவு வரும் என்று நம்புகிறோம். ஆனால், அந்த எலிக்கு வயது என்ன என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் பயன்படுபவை சில மாத வயதே ஆன இளம் எலிகள். 3 மாதச் சுண்டெலி, மனிதக் கணக்கில் ஏறத்தாழ 20 வயது வாலிபனுக்குச் சமம். அடிபடும் மனிதர்களின் வயதோ உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அமெரிக்காவில் தண்டுவடக் காயமுற்றோரின் சராசரி வயது 1970-களில் 29; 2015-க்குப் பின்னரோ 43. வீட்டிலேயே தடுக்கி விழும் முதியவர்கள் இவர்களில் பலர்.

வயது மாறினால் காயமும் மாறுகிறது. முள்ளெலும்புகளின் நடுவேயுள்ள குழாயில்தான் தண்டுவடம் செல்கிறது என்பதை நாம் அறிவோம். முதுமையில் எலும்பு முளைகள் தோன்றியும், எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தடித்தும் அக்குழாய் குறுகிவிடுகிறது. அப்போது முகம் அடிபட விழுந்து கழுத்து பின்னால் வளைந்தால், எலும்பு முறியாமலே தண்டுவடம் நசுங்கக்கூடும். கால்களைவிடக் கைகளே அதிகம் செயலிழக்கும் இந்நிலையை 1954-ஆம் ஆண்டில் ஷ்னைடர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் விவரித்தார். சிறு குழந்தைகளின் கதை வேறு. அவர்களுடைய முதுகெலும்பு எளிதில் நெகிழ்ந்து நீளும். தண்டுவடம் அந்த அளவு நீளாது. எனவே எக்ஸ்ரே படத்தில் பழுது எதுவும் தெரியாமலே தண்டுவடம் சேதமடைந்திருக்கலாம்.

காயம் மட்டுமன்று, மீட்சியும் வயதைப் பொறுத்ததே. நரம்பிழையின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் ஜீன்களுள் ஒன்று 'பிடென்'. அதை நீக்கியபோது, இளம் எலிகளின் நரம்பிழைகள் காயத்தைக் கடந்து வளர்ந்தன என்று 2010-இல் அறிவித்தனர். வயதான எலிகளில் இதையே செய்துபார்த்த முடிவு 2016-இல் வெளியாயிற்று. அவற்றின் நரம்பணுக்களிலும் வளரும் ஆற்றல் குன்றவில்லை. ஆயினும் காயத்தைக் கடந்த இழைகள் சொற்பமே! காயம்பட்ட இடத்தில் துணை அணுக்களின் எதிர்வினையும் வயதானவற்றில் மிகுந்திருந்தது. விதை நன்றாயிருந்தும் நிலம் இடம் கொடுக்கவில்லை எனலாம்.

ஆய்வாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. எலியை ஒன்றரை ஆண்டு வளர்க்கத் தீனி, இடம், பணம் எல்லாம் வேண்டும். கிழட்டு எலி அறுவையைத் தாங்காமல் இறக்கவும் கூடும். ஆயினும், வாலிப எலியில் கண்ட பலனை வயதைச் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக்குவது அறிவியல் ஆகாது. கிழ எலியிலும் சோதித்த பின்னரே முதியவர்க்கு நம்பிக்கை அளிக்க வேண்டும்.

எனவே வாசகர்களே, அடுத்த முறை இத்தகைய செய்தி வந்தால் மகிழுங்கள். கூடவே எலியின் வயதையும் தேடிப் பாருங்கள். அது அச்செய்தியில் இல்லையென்றால், பாதிச் செய்தியைத்தான் படித்திருக்கிறீர்கள்.